பூரிக்கு இரண்டு வாத்தியார்கள்

ஒரே நாய்க்கு இரண்டு பயிற்சியாளர்களிடம் பணம் கட்டியவள் நான். முதலாமவருக்கு முப்பது நாளைக்கு 18,000 ரூபாய். இரண்டாமவருக்கு வகுப்புக்கு 600 வீதம் பன்னிரண்டு வகுப்பு, மொத்தம் 7,200. வேலூர், காட்பாடி பக்கம் நாயை வைத்துக்கொண்டு யாராவது இப்போது ஆள் தேடிக்கொண்டிருந்தால் உதவட்டும் என்று எழுதுகிறேன். முதலாமவர் பெயரைச் சொல்லி வம்பை விலைக்கு வாங்க விருப்பமில்லை. இரண்டாமவர் பெயரையும் சொல்லப் போவதில்லை. இப்போதே ஆறு மணி என்றால் ஆறே முக்காலுக்குத்தான் வருகிறார், இன்னும் நாலு வீடு பிடித்துக்கொண்டால் எங்களுக்கு எட்டு மணி ஆகிவிடும்.

எங்கள் வீடு விருதம்பட்டில். வீட்டின் முன்பக்கமே ஜெராக்ஸ் கடை. விஐடி பிள்ளைகள் ப்ராஜெக்ட் பைண்டிங்குக்கு வருவார்கள், மற்றவர்கள் ஆதார், ரேஷன் கார்டு நகலுக்கு. பூரி நாட்டு நாய். ஒரு டிபன் கடைக்குப் பின்னால், பூரி போடும் அடுப்புக்குப் பக்கத்தில் சாம்பலில் படுத்துக் கிடந்தவனை என் மகன் தூக்கிக்கொண்டு வந்தான். நிறமும் அந்த நிறம்தான். பத்து மாதத்தில் 17 கிலோ. வருகிறவர்கள் மேலெல்லாம் தாவுவான். கண்ணாடி போட்ட ஒரு பெண்ணின் மூக்குக்கண்ணாடியை ஒரு தாவலில் கீழே தள்ளிவிட்டான். நடக்கக் கூட்டிப்போனால் அவன்தான் என்னைக் கூட்டிப்போவான். பைக் பார்த்தால் துரத்துவான். சோற்றுத்தட்டுப் பக்கம் யாராவது போனால் உறுமுவான். இதில் கடைசியாகச் சொன்னது எனக்கு அப்போது சின்ன விஷயமாகத் தெரிந்தது.

முதலாமவரின் இடம் ஊருக்கு வெளியே. நாயை அங்கேயே விட்டுவிட வேண்டும், முப்பது நாள் கழித்து ‘ரெடி’யாகக் கொடுப்பார்கள். 100 சதவீதம் கியாரண்டி என்று போர்டிலேயே எழுதியிருந்தது. கடை, மகனின் ஒன்பதாம் வகுப்புப் பரீட்சை, ராணிப்பேட்டை தொழிற்சாலையில் ஷிப்ட் பார்க்கும் கணவர், இதற்கு நடுவில் யார் உட்கார்ந்து நாய்க்குச் சொல்லிக்கொடுப்பது? துணியை டிரை கிளீனிங்குக்குப் போடுகிற மாதிரி போட்டுவிட்டு வந்தோம்.

வாரம் இரண்டு வீடியோ வாட்ஸ்அப்பில் வரும். பூரி உட்காருகிறான், படுக்கிறான், பயிற்சியாளரின் இடது கால் ஓரமாக ராணுவக்காரன் மாதிரி நடக்கிறான். சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பிப் பெருமைப்பட்டேன். இப்போது அதே வீடியோவைப் போட்டுப் பார்த்தால் வேறு ஏதோ தெரிகிறது. காது பின்னால் ஒட்டியிருக்கிறது. வால் வயிற்றுக்குக் கீழே. நாக்கால் மூக்கை நக்கிக்கொண்டே இருக்கிறான், தூக்கமே வராத நேரத்தில் கொட்டாவி விடுகிறான். இதெல்லாம் நாய் பதறிப்போய் இருக்கிறது என்பதற்கு அடையாளம். எனக்கு அப்போது அந்தப் பாஷை தெரியாது.

திரும்பி வந்த அன்று அவர் எங்கள் தெருவிலேயே ஒரு ஷோ நடத்திக் காட்டினார். பக்கத்து வீட்டார் கைதட்டினார்கள். மறுநாள் காலையில் கேட் பக்கத்தில் நின்று நான் ‘சிட்’ என்றேன். பூரி என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால், தெரு முனை வரைக்கும் பார்த்தான். அந்த ஆள் வருகிறாரா என்று பார்த்தான். வரவில்லை என்று உறுதியானதும் என் சேலையை இழுத்துக்கொண்டு பால்காரரின் மேல் பாய்ந்தான்.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. ஓர் இடத்தில், ஒரு ஆளிடம் கற்றதை நாய் தானாக வேறு இடத்துக்கு, வேறு ஆளுக்கு மாற்றிக்கொள்ளாது. அங்கே கற்றதை இங்கே எங்களோடு மறுபடியும் ஆரம்பத்திலிருந்து பழக வேண்டும். அதை 18,000 வாங்கும்போது யாரும் சொல்லவில்லை.

சொன்னது வேறு. கழுத்தில் சோக் செயின் (இழுத்தால் கழுத்தை இறுக்கும் சங்கிலி), சொன்னது கேட்காவிட்டால் சுருக்கென்று ஓர் இழுப்பு. உறுமினால் மல்லாக்கத் தள்ளி, அடங்குகிற வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். நாம் சாப்பிட்ட பிறகுதான் அதற்குச் சோறு. “நாய் ஓநாய் வம்சம் மேடம், கூட்டத்துக்கு நீங்கதான் தலைவின்னு காட்டணும்.” செயினைக் கழற்றிப் பார்த்தால் கழுத்து முடிக்குக் கீழே சிவப்பாக ஒரு கோடு.

இந்தத் தலைவி கதையை என் மகன் தோண்டிப் பார்த்தான். 1947-இல் ருடால்ஃப் ஷென்கெல் என்பவர் சுவிட்சர்லாந்தில் மிருகக்காட்சி சாலை ஓநாய்களைப் பார்த்து எழுதியதிலிருந்து தொடங்குகிறது இது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஓநாய்களை ஓர் அடைப்புக்குள் போட்டு வைத்தால் சண்டை வராமல் என்ன செய்யும்? பிறகு 1970-இல் டேவிட் மெக் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளரின் புத்தகம் அந்த ‘ஆல்ஃபா’, அதாவது மற்றவற்றை அடக்கி ஆளும் தலைவன் என்ற பேச்சை ஊரெல்லாம் பரப்பியது. அவரே காட்டில் ஓநாய்களை ஆண்டுக்கணக்கில் பார்த்துவிட்டு 1999-இல் வேறு விதமாக எழுதினார்: காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள், அவ்வளவுதான். அப்படிப் பார்த்தால் அது எங்கள் வீடு மாதிரிதான். இங்கே யார் தலைவி என்று என் மாமியாரைக் கேட்டால் சொல்லுவார்.

அத்தைக்குத்தான் அடி விழுந்தது. மே மாதம், அக்னி நட்சத்திர வெயில். கூடத்தில் பூரி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தட்டு நகர்ந்து போகிறதே என்று அத்தை குனிந்து அதைத் தள்ளி வைக்கப் போனார். முன்பெல்லாம் என்றால் பூரி உறுமியிருப்பான், அத்தை “இன்னா நைனா, கோவமா” என்று சொல்லிவிட்டுக் கையை எடுத்திருப்பார். இந்த முறை உறுமல் வரவில்லை. சத்தமே இல்லை. கல் மாதிரி ஒரு நொடி உறைந்து நின்றான், அப்புறம் பல் மணிக்கட்டில் இருந்தது. இரண்டு இடத்தில் ரத்தம்.

குழாயடியில் பதினைந்து நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவினோம். அதற்குள் அத்தை பதினைந்து தடவை போதும் என்றார், நான் விடவில்லை. பிறகு ஆஸ்பத்திரி. பூரிக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறது என்றேன். போட்டிருந்தாலும் இவருக்குப் போட்டே ஆக வேண்டும் என்றார் நர்ஸ் அம்மா. அன்றைக்கு ஒன்று, அப்புறம் மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள். அட்டையில் தேதி எழுதிக் கொடுத்தார். பயிற்சியாளருக்குப் போன் செய்தேன். “இன்னும் பதினஞ்சு நாள் விடுங்க மேடம், அடக்கிடலாம்” என்றார். போனை வைத்துவிட்டேன்.

கால்நடை மருத்துவர் விஷயம் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார். உறுமல் என்பது நாய் நமக்குக் கொடுக்கும் எச்சரிக்கை. அதை அடித்து, அழுத்தி நிறுத்தினால் பயமோ கோபமோ போகாது, எச்சரிக்கை மட்டும்தான் போகும். “காட்பாடிக்காரங்க நீங்க, உங்களுக்குத் தெரியாததா? கேட்டுல மணி அடிக்கலேன்னா ரயில் வராதுன்னு அர்த்தமா?” என்று கேட்டார். அந்த ஒரு வாக்கியத்துக்கே அவருக்கு இரண்டு மடங்கு ஃபீஸ் கொடுக்கலாம்.

மகன் இதற்குள் இன்னும் இரண்டு விஷயம் தேடி வைத்திருந்தான். போர்ச்சுகலில் 92 வீட்டு நாய்களை வைத்துச் செய்த ஆராய்ச்சி ஒன்று 2020-இல் வெளிவந்தது. இழுத்தும் மிரட்டியும் பழக்கும் பள்ளிகளில் படித்த நாய்களிடம் பதற்றத்தின் அடையாளங்கள் கூடுதல், பயிற்சி முடிந்தபின் எச்சிலில் கார்ட்டிசால் என்ற பதற்ற ஹார்மோனின் ஏற்றமும் கூடுதல். 2021-இல் அமெரிக்காவின் விலங்கு நடத்தை மருத்துவர்கள் சங்கம் எல்லா நாய்களுக்கும் பரிசு கொடுத்துப் பழக்கும் முறையைத்தான் பரிந்துரைத்தது. சரி, அப்படி ஓர் ஆள் நம் ஊரில் கிடைப்பாரா என்று விசாரித்ததில் கிடைத்தவர்தான் இரண்டாமவர். வயது இருபத்தேழு, இருபத்தெட்டு இருக்கும். தம்பி என்றே சொல்கிறேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்து பூரியைத் தொடவே இல்லை. பக்கவாட்டில் திரும்பித் திண்ணையில் உட்கார்ந்தார். நான் கொடுத்த டீயைக் குடித்தார். அவ்வப்போது வேகவைத்த ஈரல் துண்டு ஒன்றைக் கீழே போட்டார். முக்கால் மணி நேரம் அவ்வளவுதான். அவர் போனதும் அத்தை கையில் கட்டோடு, “அறநூறு ரூபா வாங்கிகினு திண்ணைல குந்திகினு போறான்மா, இவன் வாத்தியாரா?” என்றார். எனக்கும் கொஞ்சம் அப்படித்தான் இருந்தது. ஆனால் கடைசிப் பத்து நிமிடம் பூரி அவர் முழங்கால் மேல் தாடையை வைத்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

இரண்டாம் வகுப்பில் எங்கள் நான்கு பேரையும் வரிசையாக நிற்க வைத்து, நாயை உட்காரச் சொல்லுங்கள் என்றார். நான் ‘சிட்’ என்றேன். கணவர் ‘உட்காரு’. மகன் ‘சிட் டவுன்’. அத்தை ‘குந்துடா’. தம்பி சிரிக்கவில்லை. “நாலு பாஷையில நாலு பேர் பேசினா அவன் என்னக்கா பண்ணுவான்?” என்றார். ஒரு சொல்லை முடிவு செய்யுங்கள் என்று பத்து நிமிடம் கொடுத்தார். அத்தை எந்தக் காலத்திலும் ‘சிட்’ சொல்லப் போவதில்லை, ஆகவே ‘குந்து’ ஜெயித்தது. ‘வா’, ‘இரு’, ‘விடு’ மூன்றும் சண்டையில்லாமல் முடிந்தன. அட்டையில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினோம். வடாற்காட்டு நாய்க்கு ‘குந்து’ என்பதை விடப் பொருத்தமான சொல் எது?

‘குந்து’ சொல்லிக்கொடுக்கும் முறை இது. ஈரல் துண்டை மூக்குக்கு எதிரே பிடித்து மெதுவாகத் தலைக்கு மேலே நகர்த்த வேண்டும். மூக்கு மேலே போனால் இடுப்பு தானாகக் கீழே போகும். பின்பக்கம் தரையைத் தொட்ட அதே நொடியில் ஒரு சின்னச் சத்தம், உடனே ஈரல். அந்தச் சத்தம்தான் சூட்சுமம். ‘இதற்குத்தான் உனக்குப் பரிசு’ என்று நாய்க்குக் குறித்துக் காட்டுவது. மணிச் சத்தம் கேட்டாலே சோறு வரும் என்று நாய்க்கு எச்சில் ஊறியதே, ரஷ்ய விஞ்ஞானி பாவ்லவின் அந்த மணிக் கதை பள்ளியில் படித்ததுதான். (அவருக்கு 1904-இல் நோபல் கிடைத்தது செரிமான ஆராய்ச்சிக்காக என்பது மகன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.) முதல் வாரம் நான் செய்த தப்பு என்ன தெரியுமா? பூரி உட்காருவான், நான் இடுப்புப் பையில் கையை விட்டு ஈரலைத் தேடுவேன், அதற்குள் அவன் எழுந்துவிடுவான், அப்போது கொடுப்பேன். உட்கார்ந்ததற்குக் கொடுத்ததாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எழுந்தால் ஈரல் வரும் என்று அவன் கற்றுக்கொண்டான். குந்துவான், டப்பென்று எழுவான், என் பையைப் பார்ப்பான். தம்பி என் கையைப் பார்த்த ஒரே நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார். முதலாமவர் என் கையைப் பார்த்ததே கிடையாது.

சத்தத்துக்குக் கிளிக்கர் என்று ஒரு பொருள் விற்கிறார்கள். எதற்கு வாங்கணும், உங்கள் கடையில் அழுத்துகிற பேனா இருக்கிறதே என்றார் தம்பி. நல்ல யோசனை என்று செய்தோம். விளைவு: அப்ளிகேஷன் நிரப்ப வருகிறவர்கள் கடையில் பேனாவை டிக் என்று அழுத்தும்போதெல்லாம் பூரி கவுன்டருக்கு அடியிலிருந்து பாய்ந்து வந்து அவர்கள் முன் குந்தினான். ஒரு பெரியவர் பேசிக்கொண்டே டிக் டிக் டிக் என்று தட்டிக்கொண்டிருந்தார், பூரிக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. பேனாவைக் கைவிட்டு நாக்கைத் தட்டிச் சத்தம் கொடுக்கிறோம் இப்போது. ஜெராக்ஸ் கடைக்கும் கிளிக்கருக்கும் ஆகாது.

ஈரல் பற்றி ஒரு வார்த்தை. உப்பில்லாமல் வேகவைத்து, புளியங்கொட்டையில் பாதி அளவுக்கு நறுக்கி ஃபிரிட்ஜில் வைப்பேன். குழம்பில் போட்ட துண்டை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள், வெங்காயம் நாய்க்கு விஷம். நெத்திலிக் கருவாடு என்றால் உயிரை விடுவான், ஆனால் உப்பு அதிகம். நம் ஊர் வெயிலில் வெளியே எடுத்த ஈரல் சீக்கிரம் நாறிவிடும், ஆகவே கோடையில் கேரட். கோடை வகுப்பை ஐந்தே முக்காலுக்கே வைக்கச் சொன்னேன். புறங்கையைத் தார் ரோட்டில் ஏழு நொடி வைக்க முடியாவிட்டால் நாயின் காலும் அங்கே வேண்டாம் என்றார் தம்பி. வைத்துப் பாருங்கள், ஒன்பது மணிக்கே முடியாது.

தாவுவதை நிறுத்த அவர் சொன்னது கேட்க எளிது. தாவினால் பார்க்காதே, பேசாதே, தள்ளாதே, முதுகைக் காட்டு. நாலு காலும் தரையில் இருந்தால் மட்டும் கவனி. தள்ளிவிடுவதும் திட்டுவதும்கூட அவனுக்கு விளையாட்டுத்தானாம். “முதல்ல இன்னும் ஜாஸ்தியாகும்க்கா, அப்ப விட்டுடாதீங்க” என்று முன்கூட்டியே சொன்னார். சொன்னபடியே ஆனது. இதுவரை வேலை செய்த வித்தை திடீரென்று பலிக்கவில்லையென்றால் யாரும் இன்னும் பலமாகத்தானே முயற்சி செய்வார்கள். நாலாம் நாள் பின்னாலிருந்து என் ஜடையைப் பிடித்து இழுத்தான். ஒன்பதாம் நாள் ஒரு விஐடி பையன் உள்ளே வந்தபோது எழுந்தான், யோசித்தான், குந்தினான். அந்தப் பையனுக்கு பைண்டிங்கில் ஐந்து ரூபாய் குறைத்துக்கொண்டேன்.

சோற்றுத்தட்டு விஷயம்தான் பெரிது. ஆறடி தள்ளி நடந்துபோகும்போது தட்டைப் பார்த்து ஈரல் ஒன்றைப் போட்டுவிட்டு நிற்காமல் போய்விட வேண்டும். தட்டை எடுக்கக் கூடாது, குனியக் கூடாது. சில நாளில் ஐந்தடி, பிறகு நாலடி. ஆள் வந்தால் தட்டிலிருந்து எதுவும் போகாது, தட்டுக்குள்தான் வரும் என்று அவனுக்குப் பதிய வேண்டும். அத்தையே செய்ய வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார் தம்பி. அத்தை அதைவிடப் பிடிவாதம், ஆனாலும் செய்தார். மூன்றாவது வாரம் மகன் மறதியாகக் கொஞ்சம் கிட்டப் போய்விட்டான். பூரி உறுமினான். மாதக்கணக்கில் கேட்காத சத்தம். மகன் பின்வாங்கினான். எனக்கு வயிறு கலங்கியது, தம்பியைப் பார்த்தால் அவர் முகமெல்லாம் சிரிப்பு. “வந்துடுச்சுக்கா, மணி அடிக்குது!” என்றார். கால்நடை மருத்துவர் சொன்னதை நான் அவரிடம் சொல்லியிருந்தேன். ஐந்து வாரத்தில் அத்தை தட்டுக்குப் பக்கத்தில் நின்று ஈரல் போடுகிற நிலைக்கு வந்தார், வால் ஆடியது.

‘வா’ மட்டும் பாலாற்று மணலில். லாங்கு பஜாரில் பத்து மீட்டர் பருத்திக் கயிறு வாங்கி ஹார்னஸில் கட்டினோம். நெஞ்சைச் சுற்றிப் பட்டை வருகிற ஹார்னஸ், கழுத்தில் எதுவும் இல்லை. ஆடு மேய்கிற இடத்திலிருந்து ரொம்பத் தள்ளித் தொடங்கி, வாராவாரம் கொஞ்சம் கிட்டே. கூப்பிட்டு வந்தபின் திட்டவே கூடாது, எவ்வளவு நேரம் கழித்து வந்தாலும் சரி. வந்ததற்குத் திட்டு என்றால் அடுத்த தடவை எதற்கு வரப் போகிறான்? இது எனக்கு இன்னும் கஷ்டம்தான்.

தம்பியிடம் குறை இல்லாமல் இல்லை. நேரத்துக்கு வருவது கிடையாது. பூரி 17 கிலோவிலிருந்து பத்தொன்பதரை ஆகிவிட்டான். கொடுக்கிற ஈரலுக்கு ஏற்ப சோற்றைக் குறையுங்கள் என்று முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும், எட்டாவது வகுப்பில்தான் சொன்னார். தீபாவளி வெடிக்கு அவரிடம் வைத்தியம் இல்லை, டாக்டரிடம் போங்கள் என்று கைகாட்டினார். பன்னிரண்டு வகுப்பு என்பது மூன்று மாதம், தினமும் காலையும் மாலையும் ஐந்தைந்து நிமிடம் வீட்டுப்பாடம். அதற்கு ஆள் இல்லாத வீடென்றால் 7,200-உம் வீண். முப்பது நாளில் நாய் ரெடியாக வேண்டும் என்பவர்களுக்கு இவர் சரிப்பட மாட்டார்.

ஆனாலும் ஐந்துக்கு நாலு கொடுப்பேன். முதலாமவருக்கு ஒன்று, அதுவும் வீடியோ நன்றாக எடுத்ததற்கு. இப்போது யாராவது என்னிடம் கேட்டால், கட்டணம் பேசுவதற்கு முன்னால் ஒரு வகுப்பை ஓரமாக நின்று பார்க்க விடுவாரா என்று கேட்கச் சொல்கிறேன். நாய் சொன்னதைச் செய்யாவிட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்றும் கேளுங்கள். அதற்குப் பதில் சொல்லும்போது அவர் கை எங்கே போகிறது என்று பாருங்கள், ஈரல் பைக்கா, செயினுக்கா. வகுப்பில் கயிறு பெரும்பாலும் அவர் கையிலேயே இருந்தால் வந்துவிடுங்கள். தம்பி பன்னிரண்டு வகுப்பிலும் சேர்த்துக் கயிற்றைப் பிடித்தது மொத்தம் அரை மணி நேரம் இருந்தால் அதிகம்.

பைக் துரத்துவது ஸ்கூட்டிக்கும் ஸ்பிளெண்டருக்கும் நின்றுவிட்டது. புல்லட் சத்தம் கேட்டால் இன்னும் காது விறைக்கிறது, கயிறு முறுகுகிறது. எங்கள் தெருவில் மூன்று புல்லட். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னொரு வகுப்பு சொல்லியிருக்கிறேன், 600 ரூபாய். புல்லட்டை மெதுவாக ஓட்டிக்கொண்டு வர எதிர்வீட்டுக்காரர் ஒத்துக்கொண்டிருக்கிறார். தம்பியை ஆறு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன், புல்லட்காரரை மட்டும் ஆறே முக்காலுக்கு.